விழித்திருக்கச் சொன்ன பயிற்சி தூக்கத்துக்கு வந்த வழி

பினாங்கில் எல்லாரும் இன்னும் கிரீன் லேன் என்றே சொல்லும் ஜாலான் மஸ்ஜித் நெகிரியில் மலேசிய பௌத்தத் தியான மையம் இருக்கிறது. அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, பழைய மிண்டன் ராணுவ முகாமில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம், தொடக்கம் 1969. கல்லூரி மாணவர்களின் மனநலத்துக்கும் தூக்கத்துக்கும் இன்று உலகெங்கும் பரிந்துரைக்கப்படும் மைண்ட்ஃபுல்னஸ் என்னும் கவனத் தியானப் பயிற்சி, அமெரிக்கச் சரக்காகவே கல்விக்கூடங்களுக்கு வந்து சேர்கிறது. அதன் தாய்வேரோ இந்தத் தீவில் முன்பே ஊன்றியிருந்தது. ஆனால் அந்த வேர் தூக்கத்தை வளர்க்க வந்ததல்ல. இந்தத் திசைமாற்றம் எப்படி நேர்ந்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

புலாவ் தீக்குஸ் பகுதியின் லோரோங் பர்மாவில் தம்மிகாராம பர்மியக் கோயில் 1803இல் எழுந்தது. எதிரே 1845இல் தோன்றிய தாய்லாந்துக் கோயிலில் 33 மீட்டர் நீளப் புத்தர் வலப்பக்கமாகச் சாய்ந்து படுத்திருக்கிறார். சுற்றுலாப் பயணிகள் 'தூங்கும் புத்தர்' என்று படம் எடுத்துப் போகிறார்கள். பௌத்த மரபில் அது பரிநிர்வாணக் கோலம், புத்தரின் இறுதி நேரம். படுத்தாலும் விழிப்பு நீங்காத நிலை.

கோயில் வழிபாட்டிலிருந்து தியானம் இல்லறத்தாருக்குப் பரவலாக வந்தது இருபதாம் நூற்றாண்டில்தான். பர்மியத் துறவி மஹாசி சயாதோ 1949இல் ரங்கூன் வந்து, பாமரரும் செய்யத்தக்க முறையை அங்கே கற்பித்தார். கிரீன் லேன் மையம் அவர் வழியைச் சேர்ந்தது. தீவிரப் பயிற்சியில் இருப்பவருக்கு நான்கு மணி நேரத் தூக்கம் போதும் என்பது அவர் கணக்கு. அசதியும் மந்தமும் தியானத்தின் ஐந்து தடைகளில் ஒன்று. தூக்கம் வரவில்லை என்று ஒருவர் அங்கே முறையிட்டிருந்தால், நல்லதுதானே என்று பதில் வந்திருக்கக்கூடும்.

திருப்பம் உடலின் வழியே வந்தது. சுதந்திர பர்மாவின் தலைமைக் கணக்கராக இருந்த ஊ பா கின், உடம்பின் உணர்ச்சிகளைப் பகுதி பகுதியாகக் கவனிக்கக் கற்பித்தார். அவர் மாணவர் கோயங்கா 1969இல் அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். இந்த மரபைத் தழுவி, 1979இல் மாசசூசெட்ஸ் மருத்துவக் கல்லூரியில் ஜான் கபாட்-ஜின் எட்டு வாரப் பயிற்சி ஒன்றை வகுத்தார். வந்தவர்களில் பலர் தீராத வலிக்காரர்கள். அவர்களைப் படுக்கவைத்து, இடது கால் விரல்களில் தொடங்கி உச்சந்தலை வரை, ஏறத்தாழ முக்கால் மணி நேரம் கவனத்தை நகர்த்தச் சொன்னார். அப்படிப் படுத்தவர் கண்ணயர்வது இயல்பே. பாடத்தின் நோக்கம் விழிப்பாகவே இருந்தும், படுக்கை தன் வேலையைச் செய்தது.

தமிழ் வாசகர் மறந்துவிடும் இன்னொரு கிளையும் உண்டு. பத்தமடையில் பிறந்த மருத்துவர் குப்புசாமி 1913இல் மலாயா வந்து, அங்கே மருத்துவமனைகளில் பத்தாண்டு பணியாற்றி, 1923இல் இந்தியா திரும்பி ரிஷிகேசத்தில் சிவானந்தரானார். அவர் சீடர் சத்தியானந்தர் உருவாக்கிய யோக நித்திரையும் படுத்த நிலையில் உடலைச் சுற்றிவரும் பயிற்சிதான். வலது கட்டைவிரலில் தொடங்கும். பெயரில் நித்திரை இருந்தாலும், தூங்கிவிடாதீர்கள் என்பதே அதில் முதல் கட்டளை.

தூக்கமே குறிக்கோளானது அண்மையில்தான். 1989இல் வந்த பிட்ஸ்பர்க் தூக்கத்தர வினாத்தாள் கடந்த ஒரு மாதத் தூக்கத்தை 0 முதல் 21 வரை எண்ணாக்கியது. 5ஐத் தாண்டினால் தூக்கம் சரியில்லை. அளவுகோல் கிடைத்ததும் ஆய்வுகள் பெருகின. 2014இல் டியூக் பல்கலைக்கழகத்தின் கோரு பயிற்சி, 90 மாணவர்களிடம் நான்கே வார வகுப்பில் மனஅழுத்தமும் தூக்கச் சிக்கலும் குறைவதைக் காட்டியது. 2015இல் லாஸ் ஏஞ்சலஸில் 49 முதியவர்களிடம் நடந்த ஆய்வில், தியானம் கற்றோர் அந்த வினாத்தாளில் 10.2இலிருந்து 7.4க்கு இறங்கினார்கள், தூக்க ஒழுங்கைப் பற்றிய பாடம் மட்டும் கேட்டோர் 9.1இல் நின்றார்கள். வெற்றிதான், ஆனாலும் 7.4 என்பது 5க்கு மேலேதான். 2018இல் வெளியான கேம்பிரிட்ஜ் ஆய்வு 616 மாணவர்களைக் கொண்டது. பலன் தெரிந்தது தேர்வுக் காலத்து மனவேதனையில்.

உளவியலாளர் ஜேசன் ஓங் உருவாக்கிய, தூக்கமின்மைக்கான தியானச் சிகிச்சை எனக்கு இவற்றைவிடச் சுவையானது. தியானத்தோடு, படுக்கையில் கழிக்கும் நேரத்தையே குறைக்கச் சொல்கிறது அது. மஹாசியின் கணக்கு மருத்துவமனை வழியாக மறுபடி உள்ளே வந்துவிட்டது.

மலேசியாவில் மனநல மருத்துவர் பாங் செங் கார், புத்ரா பல்கலைக்கழக மருத்துவ மாணவர்களுக்கு 'மைண்ட்ஃபுல் ஜிம்' என்ற பயிற்சியை வகுத்து, 2015இல் முடிவுகளை வெளியிட்டார். அளந்தவை மனஅழுத்தம், தன்னாற்றல் நம்பிக்கை போன்றவை. தூக்கத்தை அளக்க வேண்டுமானால் மிண்டன் வளாகம் தக்க களம். டேசாசிஸ்வா விடுதி மாணவர் நள்ளிரவில் மாமாக் கடையில் தே தாரிக்கோடு பாடக் குறிப்பைப் புரட்டுவதும் அந்தத் தூக்கக் கணக்கில் சேரும். எனவே அங்கே ஆய்வு செய்பவர், தியானம் கற்காத ஒப்பீட்டுக் குழுவைச் சும்மா காத்திருக்கவிடாமல், அதே வாரங்களில் அதே மணி நேரம் தூக்க ஒழுங்குப் பாடம் தர வேண்டும். தேர்வு வாரத்திலும் விடுமுறைக்குப் பின்னும் இரு குழுவையும் மறுபடி அளக்க வேண்டும். அப்போதுதான் தியானத்தின் பங்கையும், ஆசிரியர் ஒருவர் வாரந்தோறும் அக்கறையாக விசாரித்ததன் பங்கையும் பிரித்துச் சொல்ல முடியும்.