நள்ளிரவில் நாக்பூர் விமான நிலையம்

சென்னையில் விமானம் ஏறினால் மூன்று மணி நேரத்துக்குள் டெல்லியில் இறங்கிவிடலாம். இன்று இது ஒரு பெரிய விஷயமே இல்லை. ஆனால் 1950-களில் இதே பயணத்தை இரவு விமானத்தில் செய்தவர்கள், ஊரே தூங்கும் நேரத்தில் நடுவழியில் ஓர் ஊரில் இறங்கி, வேறு விமானம் மாறித்தான் டெல்லி போனார்கள். அந்த ஊர் நாக்பூர்!

விழுப்புரத்தில் ரயில் மாறுவதுபோல நாக்பூரில் விமானம் மாறிய அந்தக் காலத்தைப் பற்றியும், அதிலிருந்து கிளம்பிய ஒரு வழக்கைப் பற்றியும் பார்ப்போம்.

ஏன் நாக்பூர்?

இந்திய வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் நாக்பூர் ஏறக்குறைய நட்ட நடுவில் இருக்கும். டெல்லி, பம்பாய், கல்கத்தா, மதராஸ் ஆகிய நான்கு நகரங்களிலிருந்தும் அது 700 முதல் 1000 கிலோமீட்டர் தூரத்துக்குள் அமைந்திருக்கிறது. அப்போது பறந்துகொண்டிருந்த டாக்கோட்டா விமானம் மணிக்கு 300 கிலோமீட்டரைத் தொடுவதே அரிது. ஆக, எந்த நகரத்திலிருந்து கிளம்பினாலும் சுமார் மூன்று மணி நேரத்தில் நாக்பூர் வந்துவிடலாம்.

நாக்பூரின் சோனேகாவ் பகுதியில் முதல் உலகப் போர் முடியும் காலத்திலேயே (1917-18) ஆங்கிலேயர்கள் விமானதளம் அமைத்திருந்தார்கள். இரண்டாம் உலகப் போரில் அது மறுபடியும் புதுப்பிக்கப்பட்டது. போர் முடிந்தபோது ஓடுபாதை தயாராக இருந்தது. அமெரிக்கப் படைகள் விட்டுச்சென்ற டாக்கோட்டாக்களும் மலிவாகக் கிடைத்தன. இவற்றை வைத்து ஏதாவது செய்ய வேண்டும் என்ற யோசனை மட்டும்தான் பாக்கி!

இரவு விமானத் தபால்

அந்த யோசனைக்குச் செயல்வடிவம் தந்தவர் அன்றைய தகவல் தொடர்பு அமைச்சர் ரஃபி அகமது கித்வாய். 1949 ஜனவரியில் 'இரவு விமானத் தபால் சேவை' தொடங்கியது.

திட்டம் மிக எளிமையானது. நான்கு நகரங்களிலிருந்தும் இரவில் ஒவ்வொரு விமானம் கிளம்பும். நான்கும் நள்ளிரவுக்குப் பிறகு நாக்பூரில் இறங்கும். தபால் மூட்டைகளை இறக்கி, ஊர் வாரியாக மாற்றி ஏற்றுவார்கள். பிறகு ஒவ்வொரு விமானமும் வந்த ஊருக்கே திரும்பிவிடும். மதராஸில் மாலையில் போட்ட கடிதம் மறுநாள் காலை டெல்லியிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் இருக்கும். 1949 ஏப்ரல் முதல் சாதாரணக் கடிதங்களையும் தனிக் கட்டணம் இல்லாமல் விமானத்தில் அனுப்பும் முறை வந்தது. ஆகவே இந்த வேகம் சாதாரண மக்களுக்கும் கிடைத்தது.

இதன் வணிகக் கணக்கைக் கவனியுங்கள். நான்கு நகரங்களையும் ஒன்றோடொன்று நேராக இணைக்க ஆறு வழித்தடங்கள் வேண்டும். நடுவில் ஒரு மையத்தை வைத்தால் நான்கே போதும். நகரங்கள் கூடக்கூட மிச்சமும் கூடும். பிற்காலத்தில் அமெரிக்காவின் ஃபெடெக்ஸ் நிறுவனம் மெம்பிஸ் நகரை மையமாக வைத்து இதே முறையில்தான் வளர்ந்தது. அது தொழிலைத் தொடங்கியது 1973-இல். நாக்பூரில் இரவுத் தபால் நின்றுபோனதும் அதே 1973-இல்தான்!

விமானம் மாறிய பயணிகள்

தபால் விமானங்களில் பயணிகளையும் ஏற்றிக்கொண்டார்கள். விமானம் வந்த ஊருக்கே திரும்பிவிடுவதால், மதராஸிலிருந்து டெல்லி போகிறவர் நாக்பூரில் இறங்கி டெல்லி விமானத்தைத் தேடிப்போய் ஏற வேண்டும். கல்கத்தாவிலிருந்து பம்பாய் போகிறவருக்கும் அதே கதைதான். பகலில் அமைதியாகக் கிடக்கும் ஒரு சிறிய நிலையம், இரவு ஒரு மணிக்கு மேல் நான்கு திசைப் பயணிகளாலும் மூட்டைகளாலும் நிறைந்துவிடும். அதிகாலைக்குள் மறுபடியும் காலியாகிவிடும். அன்றைய இந்தியாவில் உள்நாட்டு இணைப்பு விமானம் என்பதற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் கிடையாது.

தொடக்கத்தில் இந்தச் சேவையைத் தனியார் நிறுவனங்கள் நடத்தின. 1953 ஆகஸ்டில் விமானப் போக்குவரத்து நாட்டுடைமை ஆனபோது எட்டு நிறுவனங்கள் ஒன்றாகி இந்தியன் ஏர்லைன்ஸ் பிறந்தது. இரவுத் தபாலும் அதன் கைக்கு வந்தது.

1953 டிசம்பர் 12

நாட்டுடைமையாகி நான்கரை மாதங்கள்கூட ஆகவில்லை. டிசம்பர் 12-ஆம் தேதி அதிகாலை மூன்று மணிக்கு மேல், நாக்பூரிலிருந்து கிளம்பிய ஒரு டாக்கோட்டா சில நிமிடங்களிலேயே விழுந்து நொறுங்கியது. 13 பேர் இறந்தார்கள். விமானி மட்டும் உயிர் பிழைத்தார்.

இறந்த பயணி ஒருவரின் மனைவி நஷ்டஈடு கேட்டு நீதிமன்றம் போனார். விமான நிறுவனம் நீட்டியது என்ன தெரியுமா? டிக்கெட்டில் அச்சிட்டிருந்த ஒரு நிபந்தனை! பயணிக்கு மரணமோ காயமோ நேர்ந்தால், அது ஊழியரின் கவனக்குறைவால் நேர்ந்திருந்தாலும், நிறுவனம் பொறுப்பல்ல என்பதே அதன் சாரம்.

வழக்கு மேல்முறையீடு வரை போனது. நிபந்தனை செல்லும் என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1965-ஆம் ஆண்டுச் சட்ட இதழ்களில் வெளியான இந்தத் தீர்ப்பை, 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தைப் படிக்கும் மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். பயணி டிக்கெட்டை வாங்கிய உடனே அதிலுள்ள நிபந்தனைகளையும் ஏற்றுக்கொண்டதாகவே அர்த்தம். படித்தாரா, படித்திருந்தாலும் பேரம் பேச முடிந்திருக்குமா என்பதெல்லாம் வேறு கேள்வி.

ஒரே விமானம், இரண்டு சட்டம்

இதில் மனதை உறுத்தும் விஷயம் இன்னொன்று உண்டு. வெளிநாட்டுப் பயணிகளுக்கு 1929-ஆம் ஆண்டு வார்சா உடன்படிக்கையின் பாதுகாப்பு இருந்தது. இந்தியா அதை 1934-இலேயே சட்டமாக்கியிருந்தது. அதன்படி விமான நிறுவனம் பொறுப்பை முழுவதும் உதறிவிட்டுப் போக முடியாது. ஆனால் உள்நாட்டுப் பயணத்துக்கு அந்தச் சட்டம் அப்போது பொருந்தவில்லை.

கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். நாக்பூரிலிருந்து பம்பாய் போகும் விமானத்தில் இருவர் பக்கத்துப் பக்கத்து இருக்கைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் பம்பாயோடு இறங்கிவிடுவார். இன்னொருவர் பம்பாய் வழியாக லண்டன் போக ஒரே பயணமாக டிக்கெட் வாங்கியவர். உடன்படிக்கையின்படி லண்டன் பயணியின் உள்நாட்டுப் பகுதியும் வெளிநாட்டுப் பயணமாகவே கருதப்படும். விபத்து நடந்தால் அவர் குடும்பத்துக்குச் சட்டம் துணை நிற்கும். பக்கத்து இருக்கைக்காரரின் குடும்பத்துக்கு அந்த நிபந்தனைதான் மிஞ்சும்!

பிறகு 1960-களில் உள்நாட்டுப் பயணத்துக்கும் இந்தப் பாதுகாப்பு நீட்டிக்கப்பட்டது. 1972-இல் புதிய விமானப் போக்குவரத்துச் சட்டம் வந்தது. நஷ்டஈட்டின் உச்சவரம்பு படிப்படியாக உயர்ந்து, 2014-இல் ஏழரை லட்சம் ரூபாயிலிருந்து 20 லட்சம் ரூபாய் ஆனது. 1953-இல் கணவரை இழந்தவருக்கு இவை எதுவும் கிடைக்கவில்லை.

இன்றைய நாக்பூர்

சோனேகாவ் விமான நிலையத்துக்கு 2005-இல் டாக்டர் பாபாசாகேப் அம்பேத்கர் பெயர் சூட்டப்பட்டது. 2008 ஏப்ரலில் புதிய முனையக் கட்டடம் திறக்கப்பட்டது. 2019-இல் மெட்ரோ ரயிலும் அந்தப் பக்கம் வந்துவிட்டது. சென்னையிலிருந்து டெல்லி போகிறவர் நாக்பூரில் இறங்க வேண்டிய அவசியம் இப்போது இல்லை. அதன் தலைக்கு மேலே தூங்கிக்கொண்டே போய்விடலாம்.

ஒரு விமான நிலையத்தின் வசதி என்றால் நாற்காலி, சாப்பாட்டுக் கடை, வண்டி வசதி என்று கண்ணுக்குத் தெரிபவற்றைத்தான் எல்லோரும் எண்ணுகிறார்கள். பயணி எவ்வளவு பாதுகாப்பானவர் என்பதோ கண்ணுக்கே தெரியாத பொடி எழுத்தில் இருக்கிறது. அடுத்த முறை விமானம் ஏறுபவர்கள், ஜன்னல் இருக்கை கிடைத்ததா என்று பார்ப்பதோடு அந்த எழுத்துகளையும் ஒருமுறை படித்துப் பாருங்கள். அவற்றில் பயணிக்குச் சாதகமான ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் தோற்றுப்போன ஒரு வழக்கு இருக்கலாம்.