கங்காவின் தலையில் ஊற்றிய தண்ணீர்

1966ஆம் ஆண்டு ஆனந்த விகடனில் ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' வந்தபோது வாசகர்கள் இரண்டு அணியாகப் பிரிந்து சண்டை போட்டார்கள். இதை இலக்கிய வரலாறு எழுதுகிறவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். இரண்டு அணியிலும் சேராத ஒரு கூட்டமும் இருந்தது. அதற்கு எழுத்துத் தெரியாது, ஆகவே பத்திரிகைக்குக் கடிதமும் எழுதவில்லை. எங்கள் அத்தை அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவள்.

கதை தெரிந்ததுதான். மழையில் பஸ் ஸ்டாப்பில் நிற்கும் கல்லூரிப் பெண். பெரிய காரில் வந்தவன் ஏற்றிக்கொண்டு போய்க் கெடுத்துவிடுகிறான். அழுதுகொண்டு வீடு வந்த மகளை அம்மா தலையில் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று ஏற்றுக்கொள்கிறாள். அவ்வளவுதான். பண்பாடு போச்சு, கற்பு போச்சு என்று ஒரு சாரார் கொதித்தார்கள். ஆகா, இதுவல்லவா தாய் என்று இன்னொரு சாரார் கொண்டாடினார்கள். சண்டை எழுத்தாளரையும் விடவில்லை. அந்த அம்மா அப்படிச் செய்யாமல் கத்தி ஊரைக் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் ஒரு நாவலே எழுதினார். 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. அதில்தான் அந்தப் பெண்ணுக்குக் கங்கா என்ற பெயர். பத்திரிகையில் அந்தக் கதையை எழுதியவரே நாவலுக்குள் ஒரு பாத்திரமாக வருவார். 1972இல் சாகித்ய அகாதமி பரிசு. 1977இல் பீம்சிங் படமாக்கினார், லட்சுமிக்குத் தேசிய விருது. ஒரு பெண் பாத்திரத்தைப் பற்றி வாசகர்கள் போட்ட சண்டையிலிருந்து இவ்வளவு முளைத்தது.

நான் அந்தக் கதையை அத்தைக்குப் படித்துக்காட்டியது ரொம்ப வருஷம் கழித்து, அட்டை கிழிந்த ஒரு தொகுப்பிலிருந்து. முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டே கேட்டாள். முடித்ததும், "செரி, தண்ணிய ஊத்திட்டா. அந்தக் காருக்காரன் மேல ஆருடா ஊத்தனா?" என்றாள். நான் முழித்தேன். அம்மா செய்தது சரியா தப்பா என்பதற்கு நான் பதில் தயாராக வைத்திருந்தேன். இந்தக் கேள்விக்கு இல்லை.

பிறகு யோசித்தபோது பிடிபட்டது. தள்ளிவைக்க வேண்டும் என்றவர்களும் ஏற்றுக்கொள் என்றவர்களும் நின்றது ஒரே திண்ணையில்தான். தீட்டு ஒன்று ஏற்பட்டுவிட்டது என்பதில் இரு தரப்புக்கும் சந்தேகமில்லை. கழுவினால் போகுமா போகாதா என்பதே வழக்கு. 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில் அம்பேத்கர் இதன் வேரைத் தோண்டிக் காட்டிவிட்டார். சதியும் கட்டாய விதவைக்கோலமும் குழந்தை மணமும் அகமணத்தைக் காப்பதற்கான ஏற்பாடுகள், அகமணமே சாதியின் சாரம் என்று. கங்காவின் உடம்பு பற்றிய பதற்றம் அக்கிரகாரத்துச் சாதியைப் பற்றிய பதற்றம்தான். பெரியாரும் கற்பு என்பது பெண்ணுக்கு மட்டும் பூட்டிய விலங்கு என்று சலிக்காமல் சொல்லிக்கொண்டிருந்தார். வாசகர் சண்டையில் அந்தக் குரல் எவ்வளவு தூரம் எடுபட்டது என்பதை விகடன் பழைய இதழ்களைப் புரட்டுகிறவர்கள் சொல்லட்டும்.

கதை வந்து இரண்டு வருஷத்தில், 1968 டிசம்பர் 25 அன்று இரவு, கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேரை வைத்துக் கொளுத்தினார்கள். பெரும்பாலும் பெண்கள், பிள்ளைகள். அக்கினி உருவகமாக இருப்பதற்கும் ஒரு வசதி வேண்டும்.

இதையெல்லாம் எங்கள் வாசகர் வட்டத்தில் நான் வீராவேசமாகப் பேசியவன்தான். ஆனால் சிவகாமியின் 'பழையன கழிதலும்' (1989) பற்றிப் பேச்சு வந்தபோது என் யோக்கியதை தெரிந்துவிட்டது. அதில் தங்கம் என்று ஒரு கைம்பெண், கூலிக்காரி. உடையார் பண்ணைக்காரன் அவளை வன்முறையாக அனுபவிக்கிறான். அவன் மனைவியின் அண்ணன் தம்பிகள் அவளையே அடித்து நொறுக்குகிறார்கள். அவள் நம் ஆள், தலைவர் காத்தமுத்து வீட்டு வாசலில் வந்து விழுகிறாள். அவர் புகார் எழுதுகிறார். எப்படி? மேல்சாதித் தெரு வழியாக நடந்ததற்காக அடித்தார்கள் என்று! அவளுக்கு நடந்தது காகிதத்தில் ஏறவே இல்லை. வழக்குக்கு அது வலு என்பது அவர் கணக்கு. கடைசியில் தங்கம் அந்த வீட்டிலேயே அவருக்கு இன்னொரு பெண்டாட்டியாகிறாள்.

எங்கள் வட்டத்தில் ஆண்கள் கொதித்தோம். தலைவரை இப்படிக் காட்டலாமா, எதிரி கையில் கத்தியைக் கொடுப்பதா என்றோம். "நம்ம வூட்டு அசிங்கத்தை நாமளே தெருவுல போடறதா" என்றவன் நான். ஒரு தோழி மட்டும், காத்தமுத்து செய்தது உனக்கு அசிங்கமா, எழுதினது அசிங்கமா என்று கேட்டார். பதில் சொல்லாமல் டீக்கு எழுந்து போனோம். பண்பாடு போச்சு என்று விகடனுக்குக் கடிதம் போட்டவனுக்கும் எனக்கும் அந்த நிமிஷத்தில் என்ன வித்தியாசம்?

சிவகாமியும் எதிர்வினைகளுக்கு முகம் கொடுத்து 1997இல் 'ஆசிரியர் குறிப்பு' எழுதினார். நாவலை எழுதியவளே அதற்குள் திரும்பி வந்து, எதை எழுதினேன், எதை விட்டேன் என்று தன்னைத்தானே விசாரிக்கிறாள். ஜெயகாந்தனின் நாவல் முன்கதையை வேறு வழியில் திருப்பிப் பார்த்தது. இவரோ தன்னையே கூண்டில் ஏற்றினார். கங்காவுக்குக் கிடைத்த கடிதங்களும் படமும் விருதும் தங்கத்துக்குக் கிடைக்கவில்லை. தங்கத்தைப் பற்றி நாடு இரண்டாகப் பிரிந்ததும் இல்லை.

'பழையன கழிதலும்' நாவலையும் அத்தைக்குப் படித்துக்காட்ட நினைத்தேன். புகார் எழுதும் இடம்வரை போனேன். அவள் கையை நீட்டி நிறுத்தினாள். "அவளைக் கேட்டுத்தான் எழுதனானா?" என்றாள். திருப்பிப் படிக்கச் சொன்னாள். படித்தேன்.