நாய் எங்கே திரும்புகிறது? அஜிலிற்றியின் ஒரு சின்ன வரலாறு

1978 பெப்ரவரி. லண்டன் ஒலிம்பியா மண்டபத்தில் 'கிரஃப்ட்ஸ்' நாய்க் கண்காட்சி. பிரதான அரங்கில் ஒரு நிகழ்ச்சி முடிந்து அடுத்தது தொடங்க நேரம் இருந்தது. அந்த இடைவெளியில் சனம் எழும்பிப் போய்விடாமல் இருக்க ஏதாவது காட்டவேணும். கண்காட்சிக் குழுவில் இருந்த ஜோன் வார்லி என்பவரிடம் அந்தப் பொறுப்பு வந்திருந்தது. அவருக்குக் குதிரைத் தாண்டல் போட்டிகளில் ஈடுபாடு. குதிரை செய்வதை நாய் செய்தால் என்ன என்று யோசித்தார். பீற்றர் மீன்வெல் என்ற பயிற்சியாளரைத் துணைக்குப் பிடித்தார். தடைகளைச் செய்தார்கள், நான்கு நாய்கள் கொண்ட இரண்டு அணிகளை ஓடவிட்டார்கள். சனம் கொண்டாடித் தீர்த்தது. அஜிலிற்றி என்று இன்று உலகம் முழுக்க விளையாடப்படும் போட்டி அப்படித்தான், இடைவேளையை நிரப்ப வந்த ஒன்றாகப் பிறந்தது.

இதைப் பற்றி எழுத நாங்கள் வெளிக்கிட்டதற்குக் காரணம் ஒரு சின்னச் சந்தேகம். இப்போதைய போட்டி வீடியோக்களைப் பார்த்தால் ஒரு விசயம் கண்ணில் படும். நாய் முழு வேகத்தில் ஒரு குறுக்குத்தடியை நோக்கி ஓடிவரும். தாண்டும். நிலத்தில் விழும்போது, வந்த பக்கத்தையே பார்த்துக்கொண்டு, தூணை உரசிக்கொண்டு திரும்பிவிட்டிருக்கும். கூட ஓடுகிறவர் அந்த நேரம் பத்து மீற்றருக்கு அப்பால், முதுகைக் காட்டியபடி வேறெங்கோ ஓடிக்கொண்டிருப்பார். அப்படியென்றால் நாய்க்குத் திரும்பச் சொன்னது யார்? எப்போது சொன்னார்கள்? 1978இல் ஓடிய நாய்களுக்கு இந்த வித்தை இருக்கவில்லை. நடுவில் என்ன நடந்தது?

குதிரை விளையாட்டிலிருந்து தடைகளைக் கடன் வாங்கலாம், ஓட்டப்பாதையைக் கடன் வாங்கலாம், தடி விழுந்தால் தண்டனைப் புள்ளி என்ற விதியையும் கடன் வாங்கலாம். கடிவாளத்தைக் கடன் வாங்க ஏலாது. குதிரையின் முதுகில் ஒரு மனிசன் இருக்கிறார். அவருடைய கால், இடுப்பு, கை எல்லாமே குதிரையோடு ஒட்டியபடி பேசுகின்றன. நாய்க்கு மேல் யாரும் இல்லை. போட்டியில் கழுத்துப்பட்டியைப் பிடிக்கவோ நாயைத் தொடவோ முடியாது. தன்னைவிட இரண்டு மடங்கு வேகமாக ஓடுகிற ஒரு பிராணிக்கு, தொடாமல், தூரத்தில் இருந்து, அடுத்து எந்தப் பக்கம் என்று சொல்லவேணும். இந்த விளையாட்டின் நாற்பத்துச் சொச்சம் வருட வரலாறு பெரும்பாலும் இந்த ஒரு சிக்கலோடு மல்லுக்கட்டிய வரலாறுதான்.

முதலாவது தலைமுறைப் பயிற்சியாளர்கள் பலர் பிரித்தானியாவின் வேலைநாய்த் தேர்வுகளிலிருந்து வந்தவர்கள். அங்கேயும் தாண்டல் உண்டு: மூன்று அடி உயரத் தடை, ஒன்பது அடி நீளத் தாண்டல், ஆறு அடி மதில். ஆனால் அந்தத் தாண்டல் எல்லாம் நேருக்கு நேர். நாய் தாண்டிவிட்டு மற்றப் பக்கத்தில் காத்துக்கொண்டு நிற்கும். தாண்டுவதும் திரும்புவதும் ஒரே அசைவாக இருக்கவேணும் என்ற தேவையே அங்கு வரவில்லை. அதனால் ஆரம்பகால அஜிலிற்றியில் நாய் தாண்டும், விழும், விழுந்த பிறகு இவர் பெயரைச் சொல்லிக் கத்துவார், அது அரைவட்டம் அடித்து வரும். அப்போதைய தடை உயரம் 30 அங்குலம், கிட்டத்தட்ட 76 சென்றிமீற்றர். அந்த உயரத்தை முழு வேகத்தில் தாண்டுகிற நாய் விழுகிற இடமே தடியிலிருந்து நல்ல தூரம்.

இங்கே கொஞ்சம் பௌதிகம் வேணும், பயப்பட வேண்டாம். நிலத்தை விட்டு எழும்பிய உடம்பின் பாதையை அதற்குப் பிறகு மாற்ற முடியாது. காற்றில் நாய் முதுகை வளைக்கலாம், தலையைத் திருப்பலாம், எந்த முன்னங்காலை முதலில் ஊன்றுவது என்பதை மாற்றலாம். ஆனால் அதன் பாரம் போகிற வழி, பின்னங்கால்கள் நிலத்தை விட்ட அந்தக் கணத்தில் முடிவாகிவிட்டது. சைக்கிளில் ஒரு முடக்கில் திரும்புகிறவர்களுக்கு இது தெரியும். முடக்குக்குள் போன பிறகு பிரேக் பிடிப்பவர் றோட்டுக்கு வெளியே போவார். முடக்குக்கு முன்னமே வேகத்தைக் குறைத்து உடம்பைச் சாய்ப்பவர் ஒட்டிக்கொண்டு வருவார். கிளித்தட்டில் மறிக்கிறவரை ஏமாற்றித் திரும்புகிறவனும் கடைசி எட்டைச் சின்னதாக்கித்தான் திரும்புவான்.

ஆக, இறுக்கமான திருப்பம் என்பது தடிக்கு இந்தப் பக்கம் நடக்கிற விசயம். நாய் கடைசி இரண்டு எட்டைச் சுருக்கவேணும், பாரத்தைப் பின்னங்காலுக்கு மாற்றவேணும், தடிக்குக் கிட்ட வந்து, ஏற்கெனவே வளைந்த உடம்போடு எழும்பவேணும். இதெல்லாம் செய்ய அதற்கு முன்னமே தெரிந்திருக்கவேணும். சர்வதேச விதிப்படி இரண்டு தடைகளுக்கு இடையில் 5 முதல் 7 மீற்றர். செக்கனுக்கு 6 மீற்றர் ஓடுகிற ஒரு நாய்க்கு அது ஒரு செக்கன்தான். நாய் எழும்பின பிறகு கத்துகிறவர் முடிந்துபோன விசயத்துக்குக் கத்துகிறார்.

இது ஆரம்பத்தில் பெரிய பிரச்சினையாகத் தெரியாததற்குக் காரணம் இருந்தது. நாய்களுக்கிடையில் வேக வித்தியாசம் அதிகம். பிழை விடாமல் ஓடி முடித்தாலே பாதி வெற்றி. பிறகு விளையாட்டு வேகமாகப் பரவியது. 1980இல் பிரித்தானியக் கெனல் கிளப் அதை அதிகாரபூர்வமாக ஏற்றது. 1986இல் அமெரிக்காவில் இதற்கென்று ஒரு சங்கம் வந்தது, 1994இல் அமெரிக்கக் கெனல் கிளப்பும் சேர்ந்துகொண்டது. 1996இல் சுவிற்சர்லாந்தில் முதலாவது உலகச் சாம்பியன்ஷிப். இதற்குள் மேல்மட்டத்தில் போர்டர் கொலி நாய்கள் நிறைந்துவிட்டன. எல்லாமே வேகமான நாய்கள் என்றால் வேகத்தால் வெல்ல முடியாது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒவ்வொரு திருப்பத்திலும் இரண்டு மீற்றர் அகலமாகப் போகிற நாய், பத்துத் திருப்பத்தில் இருபது மீற்றர் மேலதிகமாக ஓடுகிறது. மூன்று செக்கனுக்கு மேல் போய்விட்டது. செக்கனின் நூறில் ஒரு பங்கில் பதக்கம் தீர்மானமாகிற இடத்தில் மூன்று செக்கன் என்பது ஒரு யுகம்.

இந்த நெருக்குவாரத்துக்கு இரண்டு விதமான பதில்கள் வந்தன. ஒன்று உடம்பால் சொல்வது, மற்றது சொல்லால் சொல்வது.

உடம்புப் பக்கம் எங்களுக்கு மிகவும் பிடித்த கதை பின்லாந்தில் நடக்கிறது. ஜனித்தா லெய்னொனென் என்பவரின் போர்டர் கொலி, ரெக்லா, காது கேளாத நாய். கத்தி வேலையில்லை. அவர் தன் கால் எந்தத் திசையைக் காட்டுகிறது, நெஞ்சு எங்கே பார்க்கிறது, எப்போது வேகம் குறைகிறது, கண் எதைப் பார்க்கிறது என்று தன்னைத்தானே பிரித்துப் பார்க்க வேண்டியதாயிற்று. நாய் இவற்றையெல்லாம் வாசிக்கிறது என்பது தெரியவந்தது. சொல்லைவிடவும் நன்றாக வாசித்தது. அந்த அனுபவத்திலிருந்து வளர்ந்ததுதான் இன்று பல நாடுகளில் கற்பிக்கப்படுகிற 'வன்மைன்ட் டோக்ஸ்' முறை. அதற்கு முன் பல வருடங்களாகப் பயிற்சியாளர்கள் ஓதிவந்த ஒரு சட்டம் இருந்தது: நாயிலிருந்து கண்ணை எடுக்காதே, அதற்கு முதுகைக் காட்டாதே. இப்போது ஐரோப்பாவின் முன்னணி ஆட்கள் சர்வசாதாரணமாக முதுகைக் காட்டிக்கொண்டு நாய்க்கு முன்னால் குறுக்கே ஓடிப் பக்கம் மாறுகிறார்கள். முதுகும் ஒரு தகவல்தான் என்று விளங்க அத்தனை வருடம் எடுத்தது.

உடம்பால் சொல்வதில் ஒரு குறை உண்டு. நாய் பார்க்கிற தூரத்துக்குள் நீங்கள் இருக்கவேணும். முழங்கால் நோகிறவர், வயதானவர், மெதுவாக ஓடுகிறவர் என்ன செய்வது? இங்கேதான் ஸ்லோவேனியாவின் சில்வியா திர்க்மன் வருகிறார். உலகச் சாம்பியன் பட்டம் வென்றவர். அவர் திருப்பத்தையே ஒரு தனி வித்தையாக எடுத்து நாய்க்குக் கற்பித்தார். 'சிக்', 'சாப்' என்று இரண்டு சொற்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒன்று.

கற்பிக்கிற விதம்தான் அழகு. தடையே இல்லாமல் தொடங்கும். ஒரு தூண், ஒரு மரம், ஒரு வாளி, எதுவும் போதும். நாய் அதைச் சுற்றி வந்தால் பரிசு. எட்டத்தில் சுற்றினால் ஒன்றுமில்லை, ஒட்டிச் சுற்றினால் பரிசு. ஒட்டிச் சுற்றுவது பழகின பிறகு தூணுக்குப் பக்கத்தில் குறுக்குத்தடியை நிலத்தில் வைப்பார்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்துவார்கள். நாயைப் பொறுத்தவரை அது தூணைச் சுற்றுகிறது, வழியில் ஒரு தடி இருக்கிறது, அவ்வளவுதான். சொல் வருவது நாய் இதை நன்றாகச் செய்யத் தொடங்கிய பிறகு. அதன் பிறகு தூரம், பிறகு வேகம், கடைசியில் இவர் எதிர்த்திசையில் ஓடினாலும் நாய் தன் வேலையை முடித்துவிட்டு வரும்.

பரிசு எங்கே கிடைக்கிறது என்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பந்தை முன்னால் தூர எறிந்தால், நாய் அடுத்த முறை தூரப் பாயும். தூணின் உள்பக்கத்தில், காலடியில் கொடுத்தால், நாய் அங்கே வந்து சேரும் விதமாகத் தன் உடம்பை முன்கூட்டியே ஒழுங்குபடுத்திக்கொள்ளும். எந்த இடத்தில் சுருக்குவது, எவ்வளவு சாய்வது என்று யாரும் அதற்குச் சொல்லிக்கொடுப்பதில்லை. அதை நாயே கண்டுபிடிக்கிறது. இதைப் படிக்கும்போது இத்தாலியக் குதிரைப்படை அதிகாரி ஃபெடெரிக்கோ காப்ரில்லி ஞாபகத்துக்கு வந்தார், 1907இல் இறந்தவர். அவருக்கு முன் குதிரை தாண்டும்போது மேலே இருப்பவர் பின்பக்கம் சாய்ந்து கடிவாளத்தை இழுப்பார். முன்னுக்குக் குனி, குதிரையின் தலையையும் கழுத்தையும் விட்டுவிடு, அது பார்த்துக்கொள்ளும் என்றார் காப்ரில்லி. இன்றைய குதிரைத் தாண்டல் முழுவதும் அவருக்குப் பின்னால் வந்ததுதான். வார்லி குதிரை விளையாட்டிலிருந்து எடுத்துக்கொண்டது தடைகளை. இந்த மற்றப் பாதி வந்துசேர இன்னும் இருபது, முப்பது வருடம் பிடித்தது.

சரி, இதெல்லாம் நாய்க்கு நல்லதா? இதைக் கேட்காமல் இந்த வரலாற்றை எழுதுவது நேர்மையில்லை.

கேளாமல் திரும்புகிற நாயைவிட, முன்னமே தெரிந்து திரும்புகிற நாயின் உடம்புக்கு அடி குறைவு என்பது விளங்கக்கூடியது. காற்றில் இருக்கும்போது பெயர் கேட்டுத் திடீரென்று முறுகுகிற நாய், வேகமும் முறுக்கும் சேர்ந்து ஒரு முன்னங்காலில் விழுகிறது. ஆனால் மற்றப் பக்கமும் இருக்கிறது. நாய்கள் இறுக்கமாகத் திரும்பப் பழகப் பழக, பாதை வடிவமைப்பவர்களும் பாதையை இன்னும் இறுக்கினார்கள். தடையின் பின்பக்கத்தால் போய்த் தாண்டிவருவது போன்ற திருப்பங்கள் சாதாரணமாயின. திறமை கூடியதால் கிடைத்த பாதுகாப்பைப் போட்டியே திரும்ப வாங்கிக்கொண்டதாகத்தான் எங்களுக்குப் படுகிறது.

2013இல் வெளிவந்த ஓர் ஆய்வு 3,801 அஜிலிற்றி நாய்களின் உரிமையாளர்களிடம் இணையவழியாகக் கேள்வி கேட்டது. 32 வீதமான நாய்களுக்கு ஏதோவொரு காயம் ஏற்பட்டிருந்தது. தோள்பட்டை, முதுகு ஆகியவை அதிகம் அடிபட்ட இடங்களில் இருந்தன. காயத்தோடு அதிகம் தொடர்புபட்ட தடைகளில் சாதாரணக் குறுக்குத்தடியும் ஒன்று. போர்டர் கொலிகள் மற்ற இனங்களைவிட அதிகம் காயப்பட்டிருந்தன. மேடையில் யார் அதிகம் ஏறுகிறார்களோ அவர்களே வைத்தியரிடமும் அதிகம் போகிறார்கள்.

விளையாட்டு இதைக் கேட்காமல் விடவில்லை, மெதுவாகக் கேட்டது. ஆரம்பத்து 76 சென்றிமீற்றர் 65 ஆனது. இன்று பெரிய நாய்களுக்குச் சர்வதேச விதியிலும் பிரித்தானிய விதியிலும் 60. நடுத்தர உயர நாய்கள் பெரிய நாய்களின் தடியைத் தாண்டவேண்டியிருந்த அநியாயத்தைக் குறைக்க, சர்வதேச அமைப்பு 2023இலிருந்து இடைப்பட்ட ஒரு தனிப் பிரிவைச் சேர்த்தது. உயரம் குறைந்தால் வேகம் கூடும், வேகம் கூடினால் திருப்பத்தில் சுமை கூடும் என்று வாதாடுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த வாதத்தை லேசாகத் தள்ளிவிட ஏலாது. ஆனாலும் வாழ்நாளில் ஆயிரக்கணக்கான தடவை தாண்டப்போகிற ஒரு தோள்பட்டைக்கு 16 சென்றிமீற்றர் குறைந்தது சின்ன விசயமில்லை.

இன்று ஒரு பெரிய போட்டிக்குப் போனால், ஓட்டம் தொடங்குமுன் ஒரு வேடிக்கையான காட்சி கிடைக்கும். பாதையைப் பழக சில நிமிடங்கள் கொடுப்பார்கள். வளர்ந்த மனிசர்கள் நாய் இல்லாமல் தனியாக, கையை நீட்டிக்கொண்டு, தோளைத் திருப்பிக்கொண்டு, வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தபடி தடைகளுக்கிடையில் ஓடுவார்கள். இந்த இடத்தில் சொல்லா உடம்பா, எந்த இடத்தில் வாயைத் திறப்பது என்று மனப்பாடம் பண்ணுகிறார்கள். சிலர் ஒரே பக்கத்துக்கே இரண்டு மூன்று சொல் வைத்திருப்பார்கள், மெல்லத் திரும்ப ஒன்று, ஒட்டித் திரும்ப இன்னொன்று. ஓட்டத்தின் நடுவில் அதைக் குழப்புகிறவர் பெரும்பாலும் மனிசர்தான். நாய் அந்த நேரம் வெளியே, வாகனத்திலோ கூண்டிலோ படுத்திருக்கும். பாதையை அது ஒரு தடவையும் பார்த்திருக்காது.