அழாத குழந்தைகள் இருந்த வீடு

வேலைக்குப் போகும் முன்னாள் மாணவிகள், "பிள்ளையை யார் வீட்டில் விட்டுப்போவது, எப்படி நம்புவது?" என்று கேட்கும்போது எனக்கு 1870ஆம் ஆண்டின் லண்டன் நினைவுக்கு வரும்.

அங்கே பிரிக்ஸ்டனில் ஒரு வீட்டுக்குள் நுழைந்த காவலர், சோபாவில் கைக்குழந்தைகள் சேர்ந்து கிடப்பதைப் பார்த்தார். ஒன்றுகூட அழவில்லை. அபினி கலந்த மருந்து அவற்றை அடக்கி வைத்திருந்தது. வீட்டுக்காரி மார்கரெட் வாட்டர்ஸ், பணம் வாங்கிக்கொண்டு குழந்தைகளை ஏற்பதாகச் செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்தவர், கணவனை இழந்தவர். அக்டோபரில் அவரைத் தூக்கிலிட்டார்கள்.

இப்படிப்பட்ட விளம்பரங்களை நாடி வந்தவர்களில் பலர் மணமாகாத தாய்மார். 1834இன் ஏழையர் சட்டம் அத்தகைய பிள்ளையின் சுமையைத் தாயின் தலையிலேயே கட்டியது. பிறகு வந்த திருத்தமும் தகப்பனிடமிருந்து வாரத்துக்குச் சில ஷில்லிங்குக்கு மேல் வாங்கித் தரவில்லை. கைக்குழந்தைக்காரிக்கு வீட்டுவேலை கிடைப்பதும் அரிது. தேர்ந்தெடுக்க அவளுக்கு என்ன இருந்தது?

குழந்தை வளர்ப்போரைப் பதிவு செய்யும் மசோதா வந்தபோது, அதை எதிர்த்தவர்களில் பெண்ணுரிமைக்காரர்களும் இருந்தார்கள். பிள்ளையை யாரிடம் விடுவது என்ற தாயின் உரிமையில் அரசு கைவைக்கிறது, வறுமையைத் தொடவில்லை என்றார்கள். வறுமையைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் அந்தச் சோபாவில் கிடந்த குழந்தைகளுக்கு அந்த வாதம் உதவாது என்றே நான் நினைக்கிறேன். 1872இல் நிறைவேறிய சட்டம், ஒரு வயதுக்குட்பட்ட இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட குழந்தைகளை 24 மணிநேரத்துக்கு மேல் வைத்திருப்போரை மட்டுமே கட்டுப்படுத்தியது. பகலில் பார்த்துக்கொள்ளும் வீடுகளைப் பதிவுக்குக் கொண்டுவரும் சட்டம் 1948இல்தான் வந்தது. அதுவரை ஆலைக்குப் போன தாய்க்குத் தெருவின் கண்தான் காவல்.

(நம் அகப்பாடல்களில் செவிலி உண்டு, அவள் மகளாகத் தோழியும் உண்டு. தலைவியைச் செவிலி இடுப்பில் சுமந்த நேரத்தில் அந்த மகளை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று எந்த உரையாசிரியரும் கேட்டதாக நான் படித்ததில்லை.)

ஆகவே மாணவிகளிடம் நான் சொல்வது இதுதான். சுவரின் வண்ணப்படங்களைப் பார்க்காதீர்கள். எத்தனை குழந்தைகள், எத்தனை கைகள் என்று எண்ணுங்கள். அந்த அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள் என்று கேளுங்கள். நீங்கள் கொடுக்கும் பணத்தில் அவருக்கு மாதம் ஓடுமா என்றும் கணக்குப் போடுங்கள். ஓடாவிட்டால் அவர் இன்னும் நான்கு பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்வார். பிறகு ஒருநாள் சொல்லாமல் பதினொரு மணிக்குப் போய்க் கதவைத் தட்டுங்கள். உள்ளே அழுகைச் சத்தம் கேட்டால் பயப்பட வேண்டாம். எல்லாப் பிள்ளைகளும் தூங்கிக்கொண்டிருந்தால், உள்ளே போய்ப் பாருங்கள்.