உச்சியும் உதடும்

கயத்தாறுப் பக்கம் பிள்ளையைக் குளிப்பாட்டித் துவட்டியதும் சாம்பிராணி காட்டுவார்கள். தலை காய்ந்தபின் ஆச்சி பிள்ளையை வாரியெடுத்து, உச்சியில் மூக்கைப் பதித்து, மூச்சை நன்றாக உள்ளே இழுப்பாள். எண்ணெய் வாடையும் புகை மணமும் அடியில் பிள்ளையின் மணமும் சேர்ந்து வரும். உதடு பட வேண்டும் என்றுகூட இல்லை.

இது முத்தமா? 2015இல் மானிடவியலாளர் வில்லியம் ஜான்கோவியாக் குழுவினர் 168 பண்பாடுகளை ஆராய்ந்தார்கள். காதலர் உதட்டோடு உதடு சேர்க்கும் வழக்கம் 46 விழுக்காட்டில்தான் தென்பட்டது. அவர்கள் தேடியது அந்த ஒரு வகையை மட்டுமே. அதை வைத்து மற்றவர்களை முத்தம் அறியாதவர்கள் என்று சொல்லிவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. இனுயிட் தாய் பிள்ளையின் கன்னத்தில் மூக்கை அழுத்தி மோந்து பார்க்கிறாள். மாவோரிகள் மூக்கும் நெற்றியும் சேர்த்து மூச்சைப் பகிர்கிறார்கள். வால்மீகி ராமாயணத்தில் பெரியவர்கள் பிள்ளைகளின் தலையை முகர்ந்து வாழ்த்துகிறார்கள்.

உதட்டு முத்தத்துக்கும் முகர்தலுக்கும் வேர் வேறு என்றே நினைக்கிறேன். உதட்டு முத்தம், தாய் இரையை மென்று குட்டியின் வாயில் ஊட்டியதிலிருந்து வந்திருக்கலாம் என்பது ஒரு கருத்து. உதட்டு முத்தத்துக்கான எழுத்துச் சான்று மெசொப்பொத்தேமியக் களிமண் பலகைகளில் ஏறத்தாழ 4,500 ஆண்டுகளுக்கு முன்பே கிடைக்கிறது. முகர்தலோ, இது நம்முடையது என்று இனம் காண்பது. பிறந்த சில நாளிலேயே, தன் பிள்ளை உடுத்திய துணியைத் தாய் மணத்தாலேயே கண்டுகொள்வாள் என்று சோதனைகள் காட்டியிருக்கின்றன.

உதட்டு முத்தம் நமக்குச் சினிமா கொண்டுவந்தது என்பாரும் உண்டு. அவர்கள் 1121ஆம் குறளைப் பார்க்கட்டும்: காதலியின் பல்லில் ஊறிய நீருக்கு வள்ளுவர் பாலும் தேனும் கலந்த சுவையை ஒப்பிடுகிறார். பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் ஐந்தாவதே முத்தப் பருவம். முத்துக்குளித்த கடற்கரையில் உள்ள திருச்செந்தூர் முருகனைப் பாடும் திருச்செந்தூர்ப் பிள்ளைத்தமிழில், பகழிக்கூத்தர் எத்தனையோ வகை முத்துகளை அடுக்கி, அவற்றுக்கெல்லாம் விலை உண்டு, முருகன் வாய்முத்தத்துக்கு விலையே இல்லை என்கிறார்.

முகர்தலையும் முத்தத்தையும் ஒரே பாட்டில் வைத்தவர் கயத்தாற்றுக்குப் பக்கத்து எட்டயபுரத்தில் 1882இல் பிறந்த பாரதி. கண்ணம்மாவைக் குழந்தையாகக் கொஞ்சும் அந்தப் பாட்டில் உச்சி முகர்ந்தால் அவருக்குக் கர்வம் வளர்கிறது. கன்னத்தில் முத்தமிட்டால் கள்ளுண்ட வெறி ஏறுகிறது. ஒன்று, இவள் என் பிள்ளை என்ற பெருமை. மற்றது, தன்னை மறக்கும் மயக்கம்.