ஏட்டில் ஏறிய ஏக்கர்

ஒரு திட்டம் பயன் தந்ததா என்பதை எதைக்கொண்டு அளப்பது? பஞ்சமி நிலத்தின் வரலாற்றை எடுத்துக்கொள்வோம்.

1891ஆம் ஆண்டில் செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியர் பொறுப்பிலிருந்த ட்ரெமென்ஹீர், அம்மாவட்டத்துப் பறையர் நிலை குறித்து அறிக்கை ஒன்று எழுதினார். குடியிருக்கும் மனையும் மிராசுதாரருடையது. கடன்பட்ட படியாள் பண்ணையை விட்டு அகல இயலாது. சொந்த நிலம் கிடைத்தால் அக்கட்டுத் தளரும் என்பது அவர் கருத்து. 30-9-1892 நாளிட்ட 1010, 1010-ஏ அரசாணைகள் அதன் விளைவாகும். தாழ்த்தப்பட்டோர் அல்லாதார்க்கு மாற்றலாகாது என்பது இவ்வொப்படைக்கு விதிக்கப்பட்ட நிபந்தனை. 12 இலட்சம் ஏக்கர் வழங்கப்பட்டதென மேடைதோறும் சொல்லப்படுகிறது.

நோக்கம் படியாளின் விடுதலை, அளக்கப்பட்டதோ ஏக்கர். ஏக்கரை அளக்கச் சங்கிலி போதும். பண்ணையிலிருந்து ஆள் வந்து அழைத்தால், "இன்று என் கழனியில் வேலையிருக்கிறது" என்று மறுத்துச் சொல்லும் நிலை ஒருவனுக்கு வந்ததா என்பதை எந்தச் சங்கிலி அளக்கும்? கிணறும் ஏர்மாடும் விதைநெல்லும் இல்லாதவன் அவற்றுக்காகப் பண்ணை வாசலிலேயே நின்றான். பதிவேட்டில் மட்டும் அவன் நிலவுடைமையாளன்!

கணக்கு எழுதியவர் யார் என்பதையும் எண்ணவேண்டும். ஒப்படை பெற்றவர் பெயர் ஒரு பதிவேட்டில். பயிரிடுவோர் பெயர் அடங்கலில். 1980இல் கர்ணம் பதவி ஒழியும்வரை இரண்டும் ஒரே கையில் இருந்தன. பின்னர், 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தின்போது, பழைய நிபந்தனை குறிக்கப்படாமலே பிறர் பெயருக்குப் பட்டா ஏறிற்று என்பது பல ஊர்களில் நம்மவர் முறையீடு. குறிப்பு அழிந்த இடத்தில் நிலத்தோடு, அதை இழந்த கணக்கும் போயிற்று.

ட்ரெமென்ஹீர் அறிக்கை எழுதிய அதே மாவட்டத்தில், அரசாணை பிறந்து 102 ஆண்டுகள் கழித்து, காரணைப் பஞ்சமி நிலத்தை மீட்க நம் மக்கள் திரண்டனர். 1994 அக்டோபர் 10ஆம் நாள் செங்கற்பட்டில் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்னும் இருவர் உயிர் ஈந்தனர். ஆணையின் பயனை அளக்க முற்படுவோர் இவ்விருவரை எந்தப் பத்தியில் எழுதுவர்?

கல்வி பெற்ற இளைஞர்களே, விடுமுறையில் உங்கள் ஊரின் பழைய அ-பதிவேட்டு நகலைப் பெறுங்கள். அடங்கலையும் அருகில் வைத்துப் புல எண் புல எண்ணாகச் சென்று பாருங்கள். ஏட்டில் இல்லாதவற்றை உங்கள் பாட்டியரிடம் கேளுங்கள்: எந்தப் புலத்தில் நாற்று நட்டார்கள், தண்ணீர் யார் கிணற்றிலிருந்து வந்தது, நட்டது கூலிக்கா, சொந்தத்திற்கா என்று.