பக்தாதின் கடைவீதிகள்: வர்ராக்குகளின் சந்தையிலிருந்து முதனப்பீ தெரு வரை

ஒரு பெருநகருக்குப் புதிதாக வருபவன் முதலில் கேட்பது, எப்பொருள் எந்தத் தெருவில் கிடைக்கும் என்பதைத்தான். ஹிஜ்ரீ மூன்றாம் நூற்றாண்டின் பக்தாதில் இக்கேள்விக்கு விடை கூறும் நூலொன்று இருந்தது. புவியியல் அறிஞர் அல்-யஃகூபீ ஹி. 278இல் (கி.பி. 891) எழுதிய 'கிதாபுல் புல்தான்' என்பதே அது. நகரின் மேற்குக் கரையில் அமைந்த கர்க் பகுதியின் கடைத்தெருக்களை அவர் ஒவ்வொன்றாக விவரிக்கிறார். ஒவ்வொரு தொழிலுக்கும் அறியப்பட்ட தெரு உண்டு. ஒரு தொழிலார் மற்றொரு தொழிலாருடன் கலப்பதில்லை என்கிறார். அவ்விவரிப்பின் ஊடே ஒரு செய்தியையும் சொல்லிச் செல்கிறார்: மேற்குப் பகுதியில் வர்ராக்குகளின் கடைகள் மட்டும் நூற்றுக்கும் மேல் இருந்தன.

வர்ராக் என்ற அரபுச் சொல்லுக்குத் தாள் விற்பவர், நூல்களைப் படியெடுப்பவர், கட்டுபவர், விற்பவர் என்னும் பொருள்கள் எல்லாம் அடங்கும். பக்தாதின் அறிவுச் சிறப்பைப் பேசுவோர் பெரும்பாலும் கலீஃபாக்களின் 'பைத்துல் ஹிக்மா'வையே பேசுவர். அந்நூற்றுக்கும் மேற்பட்ட கடைகளைப் பேசுவோர் குறைவு. ஆயினும் அந்நகரின் கல்விச் செல்வத்தில் நமக்கு வந்து சேர்ந்தது எது, வராமற்போனது எது என்று ஆராயப் புகுந்தால், அரண்மனை நூலகத்தைவிடக் கடைத்தெருவே நமக்கு அதிகம் விளக்கம் தருகிறது.

வாயிலுக்கு வெளியே சென்ற சந்தை

கலீஃபா அபூ ஜஃபர் அல்-மன்ஸூர் ஹி. 145இல் (கி.பி. 762) வட்டவடிவில் அமைத்த நகரினுள்ளேதான் முதலில் கடைகள் இருந்தன. ரோமப் பேரரசின் தூதர் ஒருவர் நகரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, வணிகர் என்ற பெயரில் ஒற்றர்கள் கோட்டைக்குள் நுழைந்துவிடுவார்களே என்று எச்சரித்ததாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். சந்தையைக் கண்காணித்த முஹ்தஸிப் ஒருவர் கிளர்ச்சியாளருடன் தொடர்புகொண்டிருந்தார் என்பது மற்றொரு காரணமாகக் கூறப்படுகிறது. எதுவாயினும், ஹி. 157இல் கடைகள் கர்க் பகுதிக்கு மாற்றப்பட்டன. ஒவ்வொரு தொழிலுக்கும் இடம் வரையறுத்த கலீஃபா, கசாப்புக் கடைகளை மட்டும் சந்தையின் கடைக்கோடியில் வைக்கச் சொன்னாராம். அவர்கள் முன்கோபிகள், கையில் கூரிய இரும்பும் இருக்கிறது என்பது அவர் கூறிய காரணம் என கதீப் அல்-பக்தாதீ பதிவு செய்கிறார்.

அரசியல் அச்சத்தால் வெளியேற்றப்பட்ட சந்தைக்கு அவ்வெளியேற்றமே நன்மையாய் முடிந்தது. மதிலுக்குள் அடைபடாத கர்க் வளர்ந்துகொண்டே சென்றது. வட்டநகரமோ நாளடைவில் சிதைந்தது. இன்று அதன் சுவடு ஒன்றும் நிலத்தின்மேல் இல்லை.

துணிக்கடையும் நேர்மையும்

நூற்கடைகளுக்கு அயலில் துணிக்கடைகள் புகழ் பெற்றிருந்தன. அத்தாபிய்யா என்னும் பகுதியில் பட்டும் பருத்தியும் கலந்து பல வண்ணங்களில் நெய்யப்பட்ட 'அத்தாபீ' துணியை, ஹி. 580இல் (கி.பி. 1184) அங்கு வந்த ஸ்பெயின் பயணி இப்னு ஜுபைர் குறிப்பிடுகிறார். அப்பெயர் ஐரோப்பிய மொழிகளுக்குள் புகுந்து, உடலில் வரிகள் கொண்ட பூனையை ஆங்கிலத்தில் 'டாபி' என்று அழைக்கும் வழக்கில் இன்றும் வாழ்கிறது.

பக்தாதின் மண்ணில் அடங்கியுள்ள இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்களும் துணி வணிகரே. அவர்களின் கடை கூஃபாவில் இருந்தது. குறையுள்ள துணி ஒன்றை விற்கும்போது அக்குறையைச் சொல்லி விற்குமாறு தம் கூட்டாளிக்கு அறிவுறுத்தினார்கள். அவர் மறந்து விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. இமாம் அவர்கள் அத்துணியின் விலை முழுவதையும் தர்மம் செய்துவிட்டார்கள்.

பக்தாதின் கடைத்தெருவிலேயே கடை வைத்திருந்த ஸரீ அஸ்-ஸகதீ (ரஹ்) அவர்களின் வரலாறு இதனினும் நுட்பமானது. ஜுனைத் அல்-பக்தாதீ (ரஹ்) அவர்களின் தாய்மாமனான இவர், சந்தையில் தீப்பற்றியபோது தம் கடை மட்டும் தப்பியதாகக் கேள்விப்பட்டு, 'அல்ஹம்து லில்லாஹ்' என்றார். மறுகணம் உள்ளம் சுட்டது. அண்டைக் கடைக்காரர்கள் அனைத்தையும் இழந்திருக்க, தம் நலனுக்காக மகிழ்ந்த அவ்வொரு சொல்லுக்காக முப்பது ஆண்டுகளாய்ப் பாவமன்னிப்புக் கேட்டு வருவதாகக் கூறினார். கடைத்தெரு என்பது தனித்தனிக் கடைகளின் வரிசை மட்டுமன்று, ஒருவர் இழப்பில் மற்றவர்க்கும் பங்குண்டு என்னும் உணர்வு இதில் வெளிப்படுகிறது.

தாளும் கூலியும்

ஹாரூன் ரஷீதின் காலத்தில் பக்தாதில் தாள் உற்பத்தி தொடங்கியது. பர்மக்கீ குடும்பத்து ஃபள்ல் இப்னு யஹ்யாவின் யோசனையே அதற்குக் காரணம் என்கிறார் இப்னு கல்தூன். தோலையும் பாப்பிரஸையும் விட மலிவான தாள் கிடைத்ததும் நூல் ஒரு சந்தைச் சரக்காயிற்று. பேராசிரியர் ஜாஹிழ், வர்ராக்குகளின் கடைகளை வாடகைக்கு எடுத்து அங்கேயே இரவெல்லாம் தங்கிப் படித்தார் எனும் செய்தியை நமக்குத் தருபவர் இப்னுந் நதீம். அவரும் இத்தொழிலைச் சேர்ந்தவரே. ஹி. 377இல் (கி.பி. 987) அவர் தொகுத்த 'அல்-ஃபிஹ்ரிஸ்த்', தம் காலத்தில் அரபியில் கிடைத்த நூல்களைப் பத்து இயல்களில் வகைப்படுத்துகிறது. தம் சரக்கை அறிந்த ஒரு வணிகரின் கண்ணும், அறிஞரின் கருத்தும் அதில் ஒருங்கே இயங்குகின்றன.

அத்தெருவில் சமய வேறுபாடு தடையாக இருக்கவில்லை. கிறிஸ்தவத் தத்துவ அறிஞர் யஹ்யா இப்னு அதீ, இமாம் தபரீயின் தஃப்ஸீரை இருமுறை படியெடுத்து அரசர்களிடம் கொண்டுசென்றவர். ஓர் இரவும் பகலும் சேர்ந்த பொழுதில் நூறு தாள்கள் எழுதுவதாக அவரே இப்னுந் நதீமிடம் கூறியிருக்கிறார்.

இத்தொழிலின் துன்பத்தையும் மறைத்தல் ஆகாது. அரபு உரைநடையின் பேராளுமைகளுள் ஒருவரான அபூ ஹய்யான் அத்-தவ்ஹீதீ படியெடுத்துப் பிழைத்தவர். அதனைத் துரதிர்ஷ்டத்தின் தொழில் என நொந்துகொண்டார். முதுமையில் தம் நூல்களைத் தாமே எரித்தார். மதிப்பில்லாதவர்களிடம் அவற்றை விட்டுச்செல்ல மனமில்லை என்பது அவர் சொன்ன காரணங்களுள் ஒன்று. அவர் எழுத்தில் கணிசமான பகுதி இன்று நம் கையில் இருக்கிறதென்றால், அவர் எரிப்பதற்கு முன்பே படிகள் பிறரிடம் சென்றிருந்தன என்பதே அதற்குக் காரணம்.

நம் அரபுக் கல்லூரிகளில் பாடநூலாக விளங்கும் 'மகாமாத்'தின் ஆசிரியர் ஹரீரீ, தம் காலத்திலேயே எழுநூறு படிகளுக்குத் தாமே சான்றொப்பம் அளித்ததாக யாகூத் அல்-ஹமவீ தெரிவிக்கிறார். யாகூத், அடிமையாக விற்கப்பட்டு விடுதலை பெற்றபின் படியெடுத்தும் நூல் விற்றும் வாழ்ந்தவர். 'முஃஜமுல் புல்தான்' என்னும் பெருங்களஞ்சியம் அவ்வுழைப்பின் விளைவு.

அழிவும் எஞ்சியதும்

கி.பி. 1258இல் மங்கோலியர் நகரைச் சூறையாடினர். திஜ்லா நதி நூல்களின் மையால் கறுத்தது எனும் கதையை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். 'ஃபிஹ்ரிஸ்த்' குறிப்பிடும் நூல்களில் மிகப்பல இன்று இல்லை என்பது உண்மை. ஆனால் அவ்வழிவுகள் அனைத்தையும் ஒரே நாளின் கணக்கில் எழுத இயலாது. எந்நூல் படியெடுக்கப்பட்டு ஊர் ஊராய் விற்கப்பட்டதோ அது ஒரு நகரின் நெருப்புக்குத் தப்பியது. படியெடுக்க ஆளின்றி ஓரிரு அலமாரிகளில் தங்கியது அழிந்தது. ஹரீரீயின் எழுநூறு படிகளை எரிக்க எழுநூறு வீடுகளை எரிக்கவேண்டும்.

நூல்வணிகம் பின்னர் கிழக்குக் கரையில் நிலைகொண்டது. முஸ்தன்ஸிரிய்யா மத்ரஸாவுக்கு அணித்தாய் உள்ள ஸராய் சந்தையும், அதனையொட்டி, 1932இல் கவிஞர் முதனப்பீயின் பெயர் சூட்டப்பட்ட தெருவும் அதன் இருப்பிடங்கள். செம்புப் பாத்திரம் செய்வோரின் ஸஃபாஃபீர் சந்தையும் அருகிலேயே உள்ளது. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், ஆசிரியர்களும் எழுத்தாளர்களும் தம் சொந்த நூலகங்களை வெள்ளிக்கிழமைகளில் முதனப்பீ தெருவின் நடைபாதையில் பரப்பி விற்று அரிசி வாங்கினர். வாங்குவோரும் இருந்தனர்.

2007 மார்ச் 5 அன்று அத்தெருவில் நிகழ்ந்த கார் குண்டுவெடிப்பில் இருபத்தைந்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 1917 முதல் அறிஞர்கள் கூடிவந்த ஷாபந்தர் தேநீர் விடுதியும் தகர்ந்தது. 2008 டிசம்பரில் தெரு மீண்டும் திறக்கப்பட்டது. 2021 இறுதியில் புதுப்பொலிவும் பெற்றது.

துணிக்கடைகளுக்கும் அதே சோதனை வந்தது. 2016 ஜூலை 3 அன்று, ரமளானின் இறுதி இரவுகளில் ஒன்றில், கர்ராதா பகுதியின் வணிக வளாகத்தில் பெருநாளுக்குப் புத்தாடை வாங்க வந்தவர்களிடையே குண்டு வெடித்தது. முந்நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெரும்பாலோர் உயிரைக் குடித்தது தீ. ஸரீ (ரஹ்) அவர்களின் தவிப்பு எத்தகையது என்பதை அந்நகரத்தார் அன்று மீண்டும் உணர்ந்திருப்பர். கர்ராதாவிலும் கடைகள் மறுபடி எழுந்தன.

இன்று புதிய ஆடையகங்களும் பெருவணிக வளாகங்களும் மேற்குக் கரையில் விளங்கும் பகுதிக்கு மன்ஸூர் என்று பெயர். வணிகரை நம்பாது வாயிலுக்கு வெளியே அனுப்பிய கலீஃபாவின் பெயரை இன்று கடைவீதிகள் சுமக்கின்றன.

ஆட்சியாளரின் கொடையால் வளரும் கல்வி, அவர் மறையும்போது தானும் தளர்கிறது. கூலி பெறும் எழுத்தாளர், விலை கொடுக்கும் வாசகர், இடையில் நேர்மையான கடைக்காரர் என்னும் மூவர் இருந்தால் அது மீண்டும் மீண்டும் தளிர்க்கிறது. தவ்ஹீதீயின் நெருப்பு நமக்குக் காட்டுவது, அம்மூவருள் முதல்வர் கைவிடப்பட்டபோது நேர்ந்ததை. நூலை இலவசமாக எதிர்பார்க்கும் வழக்கம் வேரூன்றிய நம் சமுதாயம் இவ்வரலாற்றில் சிந்திக்கவேண்டிய இடம் அதுவே.